பசிபிக் போன கப்பலில் அதிகாரிகள் என்னதான் செய்தார்கள்?

கேப்டன் ஜேம்ஸ் குக் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை, நியூசிலாந்து, ஹவாய் என்று வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டி, ஒரே வரியில் ‘குக் கண்டுபிடித்தார்’ என்று முடித்துவிடுவார்கள். அங்கெல்லாம் பல நூறு, சில இடங்களில் பல ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்கள். அந்தக் கப்பலில் குக்கைத் தவிர வேறு யார் இருந்தார்கள், மூன்று நான்கு வருடம் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் பாடத்தில் வராது.

இந்தக் கட்டுரை அந்த மற்றவர்களைப் பற்றியது. குறிப்பாக, கேப்டனுக்கு அடுத்த படியில் இருந்த கடற்படை அதிகாரிகள். பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரே ஒருவரைப் பின்தொடர்ந்து போகலாம். அவர் பெயர் சார்லஸ் கிளார்க். குக்கின் மூன்று பயணங்களிலும் போனவர். அதற்கும் முன்பே ஒருமுறை உலகைச் சுற்றி வந்தவர். இவ்வளவு இருந்தும் அவர் பெயர் வெளியே அதிகம் தெரியாது.

முதலில் யார் யார் அதிகாரி என்று பார்த்துவிடுவோம். 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படையின் தலைமையகத்துக்கு அட்மிரால்டி என்று பெயர், லண்டனில் இருந்தது. அங்கிருந்து நேரடியாக நியமன ஆணை பெற்றவர்கள் கேப்டனும் லெப்டினன்ட்டுகளும். கப்பலில் உத்தரவு போடும் உரிமை இவர்களுக்குத்தான். அடுத்து, தொழில் தெரிந்த அதிகாரிகள்: கப்பலின் போக்கையும் பாய்களையும் கவனிக்கும் மாஸ்டர், மருத்துவர், தச்சர், பீரங்கிப் பொறுப்பாளர் போன்றவர்கள். இவர்களுக்குக் கீழே மாஸ்டரின் உதவியாளர்களும் மிட்ஷிப்மேன்களும். மிட்ஷிப்மேன் என்றால் அதிகாரி ஆவதற்குப் பயிற்சி எடுக்கும் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்கூடக் கப்பல் ஏறுவார்கள். ஆறு ஆண்டு கடல் அனுபவம் சேர்த்து, மூத்த கேப்டன்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு எழுதி... மன்னிக்கவும், சொல்லித் தேறினால் லெப்டினன்ட் ஆகும் தகுதி வரும். தகுதிதான் வரும். பதவி வர வேண்டுமானால் எங்காவது ஓர் இடம் காலியாக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். போர்க்காலத்தில் கப்பல்கள் நிறைய ஓடும், பதவிகளும் நிறைய இருக்கும். எதிரிக் கப்பலைப் பிடித்தால் அதன் மதிப்பில் பங்கும் கிடைக்கும். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்ததும் கப்பல்களைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். அதிகாரிகளை அரைச் சம்பளத்தில் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாத இளைஞனுக்கு அப்போது மிச்சமிருந்த ஒரு வழி, யாரும் போகாத கடலுக்குப் போகும் கப்பலில் ஏறுவது. பரிசுப் பணம் கிடையாது, உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. வேலை மட்டும் உண்டு.

கிளார்க் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் 1741-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கடற்படைக்கு வந்துவிட்டார். 1761-இல் ‘பெல்லோனா’ என்ற போர்க்கப்பலில் இருந்தபோது பிரெஞ்சுக் கப்பல் ஒன்றோடு சண்டை. பின்பக்கப் பாய்மரத்தின் உச்சி மேடையில் இவர் நின்றுகொண்டிருக்க, குண்டு பட்டு மரமே ஒடிந்து கடலில் விழுந்தது. மேடையில் இருந்தவர்களில் பிழைத்து வந்தவர் இவர் ஒருவர்தான். போர் முடிந்த பிறகு, 1764-இல் ஜான் பைரன் தலைமையில் ‘டால்ஃபின்’ கப்பல் உலகைச் சுற்றக் கிளம்பியபோது மிட்ஷிப்மேனாக அதில் ஏறினார். தென் அமெரிக்காவின் தெற்கு முனைப் பக்கம் பட்டகோனியா மக்களைச் சந்தித்தார்கள். அவர்கள் உயரமானவர்கள்தான். ஆனால் ஊர் திரும்பிய கிளார்க், அவர்களில் சிலர் ஏறக்குறைய ஒன்பது அடி உயரம் என்று எழுதி லண்டனிலிருந்த ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பெரிய மனிதர்களும் அதைத் தங்கள் அறிவியல் இதழில் அச்சிட்டார்கள்! கிளார்க்கின் குறும்பு கப்பல் முழுக்கப் பிரசித்தம் என்பதால், தெரிந்தே அளந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1768-இல் குக்கின் ‘எண்டெவர்’ கிளம்பியது. கிளார்க் அதில் மாஸ்டரின் உதவியாளர். குக்கே அப்போது கேப்டன் பதவிக்கு வரவில்லை, லெப்டினன்ட்தான். கப்பலும் போர்க்கப்பல் கிடையாது. விட்பி ஊரில் கட்டிய நிலக்கரிக் கப்பல். அடிப்பாகம் தட்டையானது, வயிறு பெரியது. வேகம் குறைவு. ஆனால் ஒன்றரை வருடச் சாமான்களை உள்ளே அடைக்கலாம், பழுது வந்தால் கரையில் சாய்த்து வைத்துச் சரிசெய்யலாம். தெரியாத கடலுக்கு இதைவிடப் பொருத்தமான கப்பல் கிடையாது. நீளம் 32 மீட்டர் அளவு. அதற்குள் 94 பேர், ஆடு, கோழி, நாய்கள். ஜோசப் பாங்க்ஸ் என்ற பணக்கார இளம் தாவரவியலாளர் தம் ஆட்களோடு ஏறியதால் நல்ல கேபின்கள் அவர்களுக்குப் போய்விட்டன. கப்பல் அதிகாரிகள் கீழே, நிமிர்ந்து நிற்க முடியாத சின்ன அறைகளில் முடங்கினார்கள். சாதாரண மாலுமிக்கு அதுகூடக் கிடையாது, தொங்கு தொட்டில்தான்.

சரி, அதிகாரியின் ஒரு நாள் எப்படிப் போகும்?

நாளை நான்கு நான்கு மணி நேரமாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வாட்ச் என்று பெயர். மாலை நான்கிலிருந்து எட்டு வரை உள்ள வாட்ச்சை மட்டும் இரண்டாக உடைப்பார்கள். இல்லாவிட்டால் ஒரே ஆட்களுக்குத் தினமும் அதே நடுராத்திரி வேலை வந்து சேரும். அரை மணிக்கு ஒருமுறை மணல் கடிகையைத் திருப்பி மணி அடிப்பார்கள். வழக்கமாக மாலுமிகளை இரண்டு அணியாகப் பிரித்து மாற்றி மாற்றி வேலை வாங்குவார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்க முடியாது. குக் மூன்று அணியாக்கினார். எட்டு மணி நேரம் ஓய்வு கிடைத்தது, நனைந்த துணியைக் காயவைக்கவும் நேரம் கிடைத்தது. ஆட்கள் நோயில் விழாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவரே பின்னால் எழுதினார்.

ஒவ்வொரு அணிக்கும் ஓர் அதிகாரி பொறுப்பு. அவர் மேல்தளத்தின் பின்பகுதியில் நிற்பார். காற்று எந்தப் பக்கம், எந்தப் பாயை ஏற்ற வேண்டும், எதைச் சுருட்ட வேண்டும் என்று பார்ப்பார். மணிக்கொரு தடவை வேகத்தை அளக்கச் சொல்வார். முடிச்சுப் போட்ட நீளக் கயிற்றின் முனையில் ஒரு பலகையைக் கட்டிப் பின்பக்கம் கடலில் வீசுவார்கள். பலகை தண்ணீரில் நின்றுவிடும், கப்பல் முன்னே போகப் போகக் கயிறு கையிலிருந்து உருவி ஓடும். அரை நிமிட மணல் கடிகை காலியாவதற்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணுவார்கள். அதுதான் வேகம். இன்றைக்கும் கப்பல் வேகத்தை ‘நாட்’ கணக்கில் சொல்வது இந்த முடிச்சால்தான். வேகம், திசை, காற்று மூன்றையும் சாக்குக்கட்டியால் ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள். நண்பகலில் அதைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, பலகையைத் துடைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. கடற்படைக் கணக்கில் நாளே நண்பகலில்தான் தொடங்கும்.

வரைபடம் இல்லாத கடலில் இன்னொரு வேலையும் சேரும்: ஆழம் பார்ப்பது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளப்பார்கள். குண்டின் அடிப்பக்கக் குழியில் கொழுப்பைப் பூசியிருப்பார்கள். அடியில் இருப்பது மணலா, சேறா, பவளமா என்பது அதில் ஒட்டிக்கொண்டு வந்து காட்டிக்கொடுக்கும். இதை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் போதாது என்பதற்கு 1770 ஜூன் 11 இரவு சாட்சி. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரம் நிலவொளியில் ‘எண்டெவர்’ போய்க்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குச் சற்று முன்பு ஆழம் 17 பாகம், அதாவது 30 மீட்டருக்கும் மேல். குண்டு போடுகிறவன் அதை மேலே இழுத்து அடுத்த முறை வீசுவதற்குள் கப்பல் பவளப் பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அப்படியே மாட்டிக் கிடந்தார்கள். எடையைக் குறைக்க ஆறு பீரங்கிகள், கற்கள், பீப்பாய்கள் என்று 40 டன்னுக்கு மேல் கடலில் தள்ளினார்கள். அதிகாரி, மாலுமி, பாங்க்ஸ் எல்லோரும் முறைபோட்டுத் தண்ணீர் இறைத்தார்கள். மிதந்த பிறகும் ஓட்டை இருந்தது. அப்போது ஜொனாதன் மன்க்ஹவுஸ் என்ற மிட்ஷிப்மேன் ஒரு வழி சொன்னார். வணிகக் கப்பல் ஒன்றில் முன்பு பார்த்த வித்தை அது: பழைய பாய்த்துணியில் கயிற்று நாரும் கம்பளி மயிரும் சாணமும் கலந்து அப்பி, கப்பலுக்கு அடியில் கொடுத்து இழுத்தால், ஓட்டை பக்கம் போனதும் தண்ணீர் வேகமே அதை உள்ளே உறிஞ்சி அடைத்துக்கொள்ளும். குக் அந்த இளைஞரிடமே பொறுப்பை ஒப்படைத்தார். அடைத்துக்கொண்டது. இந்த இடத்தில்தான் ஆய்வுக் கப்பலின் தனித்தன்மை எனக்குப் புரிகிறது. போர்க்கப்பலில் பயிற்சிப் பையன் கேப்டனுக்கு யோசனை சொல்வது அபூர்வம். உதவிக்கு ஒரு கப்பலும் வராத இடத்தில் வழி தெரிந்தவன் சொல்லத்தான் வேண்டும்.

அளப்பதில் மிகக் கடினமானது தீர்க்கரேகை. வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பதை நண்பகல் சூரியனின் உயரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். கிழக்கு மேற்கு அப்படி இல்லை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. லண்டனுக்குப் பக்கத்திலிருக்கும் கிரீனிச்சில் இப்போது மணி என்ன என்று தெரிந்தால், கப்பல் இருக்கும் இடத்து நேரத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். நடுக்கடலில் கிரீனிச் நேரத்துக்கு எங்கே போவது? முதல் பயணத்தில் நிலவுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து, அச்சிட்ட அட்டவணைகளை வைத்து, பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார்கள். இரண்டாவது பயணத்தில், 1772-இல், ஒரு புதுச் சாமான் வந்தது: ஜான் ஹாரிசன் செய்த கடல் கடிகாரத்தைப் பார்த்து லார்கம் கென்டால் செய்த நகல். ஆட்டத்திலும் குளிரிலும் வெப்பத்திலும் நேரம் தவறாத கடிகாரம். அதை வைத்த பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி குக்கிடம், ஒன்று முதல் லெப்டினன்ட்டிடம், மூன்றாவது வானியலாளர் வில்லியம் வேல்ஸிடம். தினமும் சாவி கொடுக்க வேண்டும், அதற்கு மூவரும் கூட வேண்டும். புயலடித்தாலும் சரி, ராத்திரி வாட்ச் முடித்துத் தூங்கப் போனவராக இருந்தாலும் சரி, எழுந்து வந்து தன் பூட்டைத் திறந்தாக வேண்டும். கடிகாரத்தை ஒருவர் தனியாகத் தொட்டுக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

இவ்வளவையும் எழுதியும் வைக்க வேண்டும். ஒவ்வோர் அதிகாரியும் தனித்தனியாக நாட்குறிப்பு வைத்திருந்தார். பயணம் முடியும் தறுவாயில் அவற்றை வாங்கிக் கட்டி அட்மிரால்டியிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரே சம்பவத்தை ஐந்தாறு பேர் ஐந்தாறு விதமாகச் சொல்வது நமக்கு இன்று கிடைப்பது இதனால்தான். கிளார்க்கின் குறிப்புகள் படிக்கச் சுவாரசியமானவை. குக்கின் நடை அளந்து வைத்தது போல இருக்கும், இவர் கிண்டலடித்துக்கொண்டே போவார்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உப்புப் போட்ட மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, பட்டாணி, புழு வைத்த பிஸ்கட், சாராயம். காய்கறி, பழம் இல்லாத இந்த உணவால் வருவது ஸ்கர்வி. ஈறு வீங்கும், பல் ஆடும், ஆறிய பழைய புண் மறுபடி திறக்கும், கடைசியில் சாவு. 1740-இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் கிளம்பிய படையில் ஏறத்தாழ 1,900 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை, முக்கியக் காரணம் நோய்தான். ஆகவே ஆட்களை எதையாவது பச்சையாக, புளிப்பாகச் சாப்பிட வைப்பது அதிகாரிகளின் அன்றாடக் கவலையாக இருந்தது. ‘எண்டெவர்’ கப்பலில் 7,860 பவுண்டு புளிக்க வைத்த முட்டைக்கோஸ் ஏற்றினார்கள். மாலுமிகள் தொடவில்லை. குக் ஒன்று செய்தார்: அதைத் தினமும் அதிகாரிகள் சாப்பாட்டு மேசையில் பரிமாறச் சொன்னார், மாலுமிகளுக்கு ‘வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள்’ என்றார். பெரிய மனிதர்கள் சாப்பிடுவதைப் பார்த்ததும் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் அது தேவைப்பட்டது. பிறகு அளவு வைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது! விருப்பமோ இல்லையோ, கிளார்க் போன்றவர்கள் எல்லோர் கண்முன்னாலும் அந்தக் கோஸைச் சாப்பிட்டாக வேண்டும். அதுவும் உத்தியோகத்தில் சேர்த்திதான். (உண்மையில் ஸ்கர்விக்குப் பெரிதும் உதவியது நிறுத்திய இடத்திலெல்லாம் பறித்து வந்த கீரையும் காயும்தான். எலுமிச்சைச் சாறு நன்றாக வேலை செய்யும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 1747-இலேயே சோதித்துப் பார்த்துவிட்டார். கடற்படை அதை முறையாக ஏற்க 1795 ஆனது.)

இரண்டாவது பயணத்தில் தென் துருவப் பக்கம், 1774 தொடக்கத்தில் 71 பாகை தெற்கு அட்சரேகை தாண்டியும் போனார்கள். கயிறுகள் பனியில் கம்பி போல விறைத்தன. ஆனால் கடலில் மிதந்த பனிக்கட்டியை வெட்டி உருக்கினால் நல்ல குடிநீர். அதன்பின் குக் நோயில் படுத்தபோது புது இறைச்சி எதுவும் கப்பலில் இல்லை. கூட வந்த இயற்கை ஆய்வாளர் ஃபார்ஸ்டரின் செல்ல நாயை அடித்து அவருக்குச் சூப் வைத்துக் கொடுத்தார்கள்.

இப்போது பதவி உயர்வுக்கு வருவோம். அட்மிரால்டி ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறது. புது அதிகாரியை அனுப்ப முடியாது. ஒருவர் இறந்தால் கீழே இருப்பவர் மேலே போவார். ‘எண்டெவர்’ பாறையில் பட்ட காயத்தைச் சரிசெய்ய 1770 அக்டோபரில் பத்தேவியா போய்ச் சேர்ந்தது, இன்றைய ஜகார்த்தா. அதுவரை ஸ்கர்வியால் ஒருவரும் சாகவில்லை என்று குக்குக்குப் பெருமை. பத்தேவியாவில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பிடித்துக்கொண்டன. அங்கேயும், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனை வரும் வழியிலும் முப்பது பேர் அளவில் இறந்தார்கள். பாய்த்துணி வித்தை சொன்ன மன்க்ஹவுஸும் அவர்களில் ஒருவர். மாஸ்டர் இறந்தார், அவருடைய உதவியாளர் மாஸ்டரானார். கிளம்பும்போதே காசநோயோடு வந்த இரண்டாம் அதிகாரி சக்கரி ஹிக்ஸ், ஊர் வந்து சேர இரண்டு மாதம்கூட இல்லாதபோது, 1771 மே மாதம் இறந்தார். அந்த வரிசையில்தான் கிளார்க் லெப்டினன்ட் ஆனார். கொண்டாடியிருப்பாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் அன்றைய கடற்படையில் இது யாரும் கூச்சப்படுகிற விஷயமாக இருக்கவில்லை.

மூன்றாவது பயணம் 1776-இல். குக்கின் ‘ரெசல்யூஷன்’ கப்பலோடு கூடப் போகும் ‘டிஸ்கவரி’ கப்பலுக்குக் கிளார்க் தலைவர். 298 டன், எழுபது பேர் அளவு. சொந்தப் பொறுப்பில் ஒரு கப்பல். ஆனால் கிளம்ப வேண்டிய நேரத்தில் அவர் இருந்தது சிறையில். அண்ணன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் நின்றிருந்தார், கடன்காரர்கள் இவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். குக் ஜூலை 12 அன்று கிளம்பிவிட, கிளார்க் வெளியே வந்து மூன்று வாரம் பின்தங்கிப் புறப்பட்டு நவம்பரில் கேப்டவுனில் போய்ச் சேர்ந்துகொண்டார். அந்தச் சிறையில்தான் அவருக்குக் காசநோய் தொற்றியது.

தீவுகளில் அதிகாரியின் வேலை முற்றிலும் வேறு. அங்கே அவர் வியாபாரி, தூதர், போலீஸ்காரர் மூன்றும். இரும்பு ஆணி, கோடாரி, சிவப்பு இறகு கொடுத்துப் பன்றியும் வாழைப்பழமும் வாங்க வேண்டும். தீவுக்காரர்கள் கப்பலில் ஏறிக் கையில் கிடைத்ததை எடுத்துப் போனால் என்ன செய்வது என்பது ஓயாத தலைவலி. இவர்களும் கேட்காமல்தான் அந்த ஊர்த் தண்ணீரையும் மரத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதை யாரும் திருட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. 1777-இல் டோங்கா தீவுகளில் குக் சவுக்கடி கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. கிளார்க் வேறு வழி கண்டார். பிடிபட்டவனை நாவிதரிடம் கொடுத்து மொட்டையடித்து அனுப்பினார். ஊரார் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், திருட்டும் கொஞ்சம் குறைந்தது. கிளார்க்கின் குணம் இந்த ஒன்றிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் அதே ஆண்டு நவம்பரில் ராயாட்டியா தீவில் அவர் செய்ததில் சிரிக்க எதுவும் இல்லை. ‘டிஸ்கவரி’ கப்பலின் மிட்ஷிப்மேன் ஒருவரும் பீரங்கிப் பிரிவு ஆள் ஒருவரும் கப்பலை விட்டு ஓடிவிட்டார்கள். தீவு வாழ்க்கை அவர்களுக்குப் பிடித்துப்போயிருந்தது, வடக்குப் பனிக்குப் போக மனமில்லை. அவர்களைப் பிடிக்க குக் ஒரு திட்டம் போட்டார். ஊர்த் தலைவரின் மகன், மகள், மருமகன் மூவரையும் கிளார்க் விருந்தாளிகளைப் போலத் தம் கேபினுக்கு அழைத்தார். உள்ளே வந்ததும் கதவைப் பூட்டிக் காவல் போட்டார். ஓடிப்போனவர்களைக் கொண்டுவந்தால் விடுதலை. கரையில் பெண்கள் அழுது கதறினார்கள். பதிலுக்கு குக்கையும் கிளார்க்கையும் பிடிக்க ஒரு முயற்சியும் நடந்து தோற்றது. சில நாளில் இருவரும் பிடிபட்டார்கள், பிணைக்கைதிகள் வெளியே வந்தார்கள். அந்த மகள் பெயர் பொய்துவா. அப்போது கப்பலில் இருந்த ஓவியர் ஜான் வெபர் வரைந்த அவளுடைய படம் பிற்காலத்தில் மிகவும் புகழ்பெற்றது. பூச்சூடி லேசாகப் புன்னகைக்கும் தீவுப் பெண் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உருவம் எடுக்கப்பட்டபோது அவள் கைதி.

இந்தப் பிணைக்கைதி உத்தி பல இடங்களில் வேலை செய்தது. 1779 பிப்ரவரி 14 அன்று ஹவாயின் கேயலகெகுவா குடாவில் வேலை செய்யவில்லை. முந்தைய இரவு ‘டிஸ்கவரி’யின் பெரிய படகு காணாமல் போயிருந்தது. கிளார்க்தான் அதைக் காலையில் போய் குக்கிடம் சொன்னார். குக் துப்பாக்கி வீரர்களோடு கரைக்குப் போய் அரசர் கலானியோபுவைக் கப்பலுக்கு அழைத்துவரப் பார்த்தார். குடாவின் இன்னொரு பக்கம் படகில் காவல் இருந்த லெப்டினன்ட் ரிக்மனின் ஆட்கள் சுட்டதில் தலைவர் ஒருவர் இறந்தார். செய்தி கரைக்கு வந்தது, கூட்டம் கொதித்தது. குக்கும் நான்கு வீரர்களும் கொல்லப்பட்டார்கள். ஹவாய்க்காரர்கள் அதைவிட அதிகம் பேர் இறந்தார்கள்.

காலையில் ஒரு சிறு கப்பலின் தலைவராக எழுந்த கிளார்க், மதியத்துக்குள் பயணம் முழுவதற்கும் தலைவர். இருமலில் மூச்சு வாங்குகிறது. மாலுமிகள் பழிவாங்கத் துடிக்கிறார்கள். ‘ரெசல்யூஷ’னின் முன் பாய்மரம் பழுதுபார்க்கக் கழற்றிக் கிடக்கிறது, அது இல்லாமல் கப்பல் நகராது. கிளார்க் பெரிய தாக்குதலுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் எடுக்கப் போன ஆட்கள் ஓர் ஊரையே கொளுத்தினார்கள், அதை அவரால் தடுக்க முடியவில்லை. ஆனாலும் பேச்சுவார்த்தையை விடாமல் பிடித்து, குக்கின் எலும்புகளைத் திரும்பப் பெற்று, கடலில் அடக்கம் செய்து, பாய்மரத்தை ஏற்றிக்கொண்டு 22-ஆம் தேதி கிளம்பினார். குக்கின் சாவைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அடுத்த எட்டு நாளைக் கிளார்க் நடத்திய விதத்துக்கு அதில் நாலு வரி கிடைத்தால் அதிகம்.

அங்கிருந்து நேராக ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பயணத்தின் நோக்கம் வட அமெரிக்காவுக்கு மேலே பசிபிக்கிலிருந்து அட்லாண்டிக்குக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பது. முந்தைய ஆண்டே பனி மறித்துவிட்டது. இன்னொரு முறை முயல வேண்டும் என்பது உத்தரவு. கிளார்க் ரஷ்யாவின் கம்சாட்கா போய், அங்கே ஆளுநராக இருந்த மாக்னஸ் பெம் கொடுத்த மாவும் மாடுகளும் ஏற்றிக்கொண்டார். நாட்குறிப்புகளையும் குக் இறந்த செய்தியையும் பெம் கையில் கொடுத்து சைபீரியா வழியாக அனுப்பினார். அது 1780 ஜனவரியில் லண்டன் சேர்ந்தது, கப்பல்களுக்குப் பல மாதம் முன்னால். மாலுமிகளுக்கும் பெம் மூட்டை மூட்டையாகப் புகையிலை அனுப்பியிருந்தார். அவர்கள் பதிலுக்குத் தங்கள் சாராயப் பங்கை அங்கிருந்த காவல்படைக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். கப்பலில் அதைவிடப் பெரிய தியாகம் கிடையாது.

ஜூலையில் மறுபடி பெரிங் நீரிணை தாண்டி 70 பாகை 33 கலை வடக்கு அட்சரேகை வரை போனார்கள். பனிச்சுவர். கப்பல் அடிபட்டது, வழி இல்லை. தனக்கு வெப்பமான தீவு ஒன்றில் தங்கிவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று கிளார்க் முன்பே நினைத்ததாக அவருடைய லெப்டினன்ட் ஜேம்ஸ் பர்னி பின்னாளில் எழுதினார். கணக்கு வழக்குகள் முடியாததால் அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததாம். ஆகஸ்ட் 10 அன்று கிளார்க் பாங்க்ஸுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்தார்: சிறையில் தொற்றிய நோய் முற்றிவிட்டது, உங்களிடம் விடைபெற்ற நாளிலிருந்து ஒருநாளும் உடம்பு நன்றாக இருந்ததில்லை, இப்போது படுக்கையில் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. கூட வந்த அதிகாரிகளுக்கு உதவி செய்யும்படியும் அதில் கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 22 அன்று, 38 வயதில் இறந்தார். பெத்ரோபாவ்லோவ்ஸ்க் ஊரில் புதைத்தார்கள். எட்டு ஆண்டு கழித்து அங்கே வந்த பிரெஞ்சுக் கடற்பயணி லாபெரூஸ், அழியும் நிலையில் இருந்த மரப்பலகைக்குப் பதில் செப்புத் தகடு வைத்துவிட்டுப் போனார்.

பழைய முறைப்படி எல்லோரும் ஒரு படி ஏறினார்கள். ஜான் கோர் ‘ரெசல்யூஷன்’ கப்பலுக்குத் தலைவர். ஜேம்ஸ் கிங் ‘டிஸ்கவரி’க்கு. வழியில் சீனாவில், அமெரிக்கக் கரையில் அற்ப விலைக்கு வாங்கிய கடல் நீர்நாய்த் தோல்கள் கொள்ளை விலைக்குப் போயின. இன்னும் வாங்கத் திரும்பிப் போக வேண்டும் என்று மாலுமிகள் கலகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். 1780 அக்டோபரில் இரண்டு கப்பல்களும் இங்கிலாந்து சேர்ந்தன. கிங் நான்கே ஆண்டில் காசநோயால் இறந்தார். கோருக்கு கிரீனிச் கடற்படை மருத்துவமனையில் கேப்டன் பதவி ஒன்று கிடைத்தது. குக் இறந்ததால் காலியாகக் கிடந்த இடம் அது.